ஆசானும் தலைவனும்: மருத்துவக் கல்வி எழுப்பும் ஓர் அறவினா

கிரேக்க மருத்துவர் இப்போகிரற்றீசின் பெயரால் வழங்கிவரும் உறுதிமொழி, நோயாளரைப் பற்றி வாய்திறப்பதற்கு முன்னரே ஆசிரியரைப் பற்றிப் பேசிவிடுகின்றது. கலையைக் கற்பித்தவரைப் பெற்றோருக்கு நிகராகப் போற்றல், அவருக்குத் தேவை நேரின் தன் பொருளிற் பங்களித்தல், அவர்தம் மைந்தருக்கு ஊதியம் பெறாது அக்கலையைக் கற்பித்தல் என்பன அதில் முன்னிடம் பெறுகின்றன. நோயாளருக்குத் தீங்கு செய்யாமை அதன் பின்னரே வருகின்றது. வைத்தியத்தை ஒரு தொழிலாக மட்டுமன்றி, தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்படும் ஒரு செல்வமாகவும் கண்டோரின் மனப்பாங்கு இதனாற் புலனாகும். ஆயின், இவ்வுறுதிமொழியிற் கூறப்படுவன பெரும்பாலும் மாணாக்கன் ஆசானுக்குச் செய்ய வேண்டிய கடன்களே. ஆசான் மாணாக்கனுக்குச் செய்ய வேண்டிய கடன் யாது? ஆசானின் கீழ் ஒரு மாணாக்கன் அல்ல, இருநூறு மாணாக்கரும் அவர்களோடு தாதியரும் மருத்துவமாதரும் ஆய்வுகூட உதவியாளரும் வந்து நிற்கும்போது அவர்களை வழிநடத்தும் பொறுப்பு எத்தகையது? இவ்வினாக்களுக்கு அவ்வுறுதிமொழியில் விடை தேடுதல் வீண்.

இன்றைய மருத்துவ பீடங்களில் மூன்று வேறுபட்ட பணிகள் ஒருவர் தோளிலேயே சுமத்தப்படுகின்றன. நோய் தீர்த்தல் ஒன்று. அதனைக் கற்பித்தல் இன்னொன்று. கற்பிக்கும் நிறுவனத்தை நடத்துதல் மற்றொன்று. கைதேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் விரிவுரையாளராகின்றார். ஆண்டுகள் சில கழியப் பேராசிரியராகின்றார். பின்னர் துறைத்தலைவர், பீடாதிபதி எனப் படிகள் தொடர்கின்றன. இவையனைத்தும் ஒரே ஏணியின் படிகள் என்ற எண்ணம் எவராலும் நிறுவப்பட்டதன்று, வழக்கத்தால் ஏற்கப்பட்டது. கத்தியைப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கரும்பலகையும் கைவரும், கரும்பலகை கைவந்தவருக்கு நிருவாகமும் கைவரும் என்பது அதன் உள்ளார்ந்த தருக்கம். இத்தருக்கம் தவறாயின் அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலாவது பிரிவினை, அதாவது நோய்தீர்க்கும் திறனும் கற்பிக்கும் திறனும் வெவ்வேறானவை என்ற உணர்வு, காலந்தாழ்த்தியே ஏற்பட்டது. ஆபிரகாம் பிளெக்ஸ்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை நேரிற் சென்று பார்வையிட்டு 1910 இல் அறிக்கை வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். பாடசாலை நடத்திய ஓர் ஆசிரியர். மருத்துவக் கல்வியின் குறைகளை வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவரே கண்டுரைக்க வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. (அவ்வறிக்கையின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் இரண்டே நிலைக்கத்தக்கவை என அவர் தீர்ப்பளித்தார். ஏனைய ஐந்தும் காலப்போக்கில் மூடப்பட்டன. தரம் உயர்ந்தது, ஆயின் அவ்வுயர்வுக்கான விலையை ஒரு சமூகமே செலுத்திற்று.) 1950களின் நடுப்பகுதியில் ஜோர்ஜ் மில்லர் என்னும் மருத்துவர் பவலோ பல்கலைக்கழகத்திற் கல்வியியல் துறையினரோடு கைகோத்து, மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பித்தலைக் கற்பிக்கத் தொடங்கினார். அம்முயற்சி பின்னர் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றி, உலக சுகாதார தாபனத்தின் வாயிலாக ஆசிய நாடுகளுக்கும் பரவிற்று. 1970களிற் பேராதனையில் அமைந்த ஆசிரியர் பயிற்சி நிலையம் இவ்வரலாற்றின் ஒரு கிளையே.

இரண்டாவது பிரிவினை இன்னும் அண்மைக்காலத்தது. நல்லாசிரியர் யாவரும் நல்ல தலைவர் ஆகார் என்பதை ஒப்புக்கொண்டு, தலைமைக்கெனத் தனிப்பயிற்சி அளிக்கும் திட்டங்கள் கடந்த முப்பதாண்டுகளிலேயே பெருகின. மருத்துவக் கல்விசார் பெண்களை உயர்பதவிகளுக்கு ஆயத்தஞ்செய்யும் திட்டமொன்று 1995 இற் பிலடெல்பியாவில் ஆரம்பமாயிற்று. 1850 இல் நிறுவப்பட்டதும் 1886 இல் ஆனந்திபாய் ஜோஷிக்குப் பட்டமளித்ததுமான பெண்கள் மருத்துவக் கல்லூரியின் வழித்தோன்றலான நிறுவனமே அதனை நடத்தியது என்பது பொருத்தமான செய்தி. அதே நகரில் 2001 இல் வளர்முக நாடுகளின் மருத்துவ ஆசிரியர்களுக்காகப் பெய்மர் என்னும் அமைப்பு ஒரு பயிற்சியைத் தொடங்கிற்று. அதன் இந்தியக் கிளைகள் 2005 இல் மும்பாயிலும் 2006 இல் லூதியானாவிலும் 2007 இற் கோயம்புத்தூரிலும் அமைந்தன. அப்பயிற்சி இரண்டாண்டு நீடித்தது. சில நாட்கள் ஓரிடத்திற் கூடியிருந்து கற்பதும், எஞ்சிய காலம் தத்தம் கல்லூரியிலேயே ஒரு கல்விச் சீர்திருத்தத்தைச் செய்துகாட்டுவதும் அதன் நடைமுறை. விரிவுரை கேட்டுச் சான்றிதழ் பெற்று மீளும் பயிற்சியைக் காட்டிலும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. தன் ஊரில், தன் சகபாடிகளின் முகச்சுளிப்புக்கிடையே, ஒரு சிறு மாற்றத்தைச் செய்ய முயல்பவரே தலைமையின் இயல்பை அறிவார்.

இத்தகைய முயற்சிகளுக்கு எதிராக இரு வாதங்கள் எழுப்பப்படுகின்றன. தலைமை பிறவிக்குணம், அதனைப் பாடத்திட்டத்தில் அடக்க முடியாது என்பது ஒன்று. தலைமை பற்றிய பேச்சு பதவியாசைக்கு அணிவிக்கப்பட்ட பட்டாடையே. அது நல்லாசிரியரை நோயாளியின் கட்டிலருகிலிருந்து பிரித்துக் கூட்ட மண்டபத்தில் இருத்திவிடும் என்பது மற்றையது. முதல் வாதத்தைவிட இரண்டாவது வலியது. ஏனெனில் அது திறமையைப் பற்றியதன்று, நோக்கத்தைப் பற்றியது.

இவ்விடத்தில் நன்னூலின் பொதுப்பாயிரம் துணைசெய்கின்றது. பவணந்தியார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாகக் கூறியதைப் பலரும் அறிவர். ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் கூறிய உவமைகளோ அவற்றினும் கூர்மையானவை. கழற்காய்களைப் பெய்த குடம், இட்ட ஒழுங்கில் அவற்றைத் திருப்பித் தராது. பஞ்சடைத்த குண்டிகை, பெருமுயற்சியின் பின்னரே சிறிது சிறிதாகத் தரும். மடல் சூழ்ந்த பனை, தன்னிடம் எவரையும் ஏறவிடாது. தானே விரும்பி உதிர்க்கும்போது பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். வளைந்த தென்னையோ, நீர் வார்த்தவன் ஒருவனாக, அயலான் வளவிற் காயை உதிர்க்கும். இவற்றுள் முதலிரண்டும் கற்பிக்கும் திறனின் குறைகள். பின்னிரண்டும் அத்தகையனவல்ல. பனையிடம் கனி உண்டு. தென்னையிடம் காய் உண்டு. அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. தன்னை அணுகவிடாமையும், தன்னைப் பேணியவரை மறந்து பிறர் பக்கம் சாய்தலும் உறவின் குறைகள். அதிகாரத்தைக் கையாளும் முறையின் குறைகள். தலைமை என இன்று பேசப்படுவதன் பெரும்பகுதி இவ்விரு குறைகளை நீக்குதலே என்று கொண்டால், அதனைப் பதவியாசை என ஒதுக்கிவிடுதல் அத்துணை எளிதன்று. முடத்தெங்கு என்னும் உவமை, மக்களின் வரிப்பணத்தாற் கற்று அவர்களுக்குப் பயன்படாதோர் அனைவர்க்கும் பொருந்தும் என்பதையும் சொல்லாமற் செல்ல இயலவில்லை.

ஆசிரியரின் குறையால் மாணாக்கன் ஒருவன் பரீட்சையில் தவறுவது வேறு. உயிர்கள் மடிவது வேறு. மருத்துவக் கல்வியில் இவ்விரண்டாவது நிகழக்கூடும் என்பதற்கு வியன்னா நகரப் பொது வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதிகளைக் காட்டிலும் துலக்கமான சான்று அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடுதிக்குப் பொறுப்பாயிருந்த போவர் என்பார், சவங்களைக் கொண்டு மகப்பேற்று மருத்துவம் கற்பிக்க மறுத்தவர். அவருக்குப் பின் வந்த பேராசிரியர் யோகான் கிளைன் அம்முறையைப் புகுத்தினார். 1840 இல் ஒரு கல்வி நிருவாகத் தீர்மானத்தின்படி மருத்துவ மாணவர் அனைவரும் முதலாம் விடுதிக்கும், மருத்துவிச்சிப் பயிலுநர் அனைவரும் இரண்டாம் விடுதிக்கும் ஒதுக்கப்பட்டனர். மாணவர் காலையிற் பிரேதபரிசோதனைக் கூடத்திற் பயின்றனர். அங்கிருந்து நேரே வந்து கருவுற்ற பெண்களைப் பரிசோதித்தனர். மருத்துவிச்சியர் சவங்களைத் தொடவில்லை. 1846 இல் முதலாம் விடுதியில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் விடுதியில் 3754 இல் 105 பேரே இறந்தனர். எந்த விடுதியிற் சேர்க்கப்படுவது என்பது வாழ்வா சாவா என்பதாயிற்று. முதலாம் விடுதி வேண்டாமென அப்பெண்கள் கெஞ்சினர் என்பது பதிவான செய்தி. பேராசிரியர்கள் அறியாத ஒன்றை அக்கூலிப்பெண்கள் அறிந்திருந்தனர். அவர்களைக் கேட்டவர்தாம் எவருமிலர்.

உதவி மருத்துவராயிருந்த இக்னாஸ் செமெல்வைஸ் 1847 இல் உண்மையைக் கண்டறிந்தார். பிரேதபரிசோதனையின்போது கத்திக் காயம்பட்டு இறந்த நண்பர் ஒருவரின் உடலிற் காணப்பட்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடல்களிற் காணப்பட்டவற்றை ஒத்திருந்தமையே அவருக்கு வழிகாட்டிற்று. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவுமாறு மாணவரைப் பணித்தார். 1848 இல் முதலாம் விடுதியில் 3556 பிரசவங்களுக்கு 45 மரணங்களே நிகழ்ந்தன. இத்துணை தெளிவான சான்றிருந்தும் 1849 இல் அவரது பதவி நீடிக்கப்படவில்லை. தமது கருத்தை முழுமையான நூலாக அவர் வெளியிட்டது 1861 இலேதான். அதன் பின்னர் எதிர்த்தோரைக் கொலைகாரர் என விளித்துப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865 இல் மனநோயாளர் விடுதியொன்றில் மாண்டார்.

இக்கதை வழக்கமாக ஒரு மேதையின் துயரமாகவே சொல்லப்படுகின்றது. அறநோக்கில் அதனை வேறு விதமாகவும் வாசிக்கலாம். கிளைனிடம் அதிகாரம் இருந்தது. தன் கீழுள்ளவரின் சொல்லைச் செவிமடுக்கும் திறன் இல்லை. செமெல்வைசிடம் உண்மை இருந்தது. அதனை ஏற்கச்செய்யும் பொறுமையும் சொல்வன்மையும் இல்லை. ஒருவரது குறையை மானம் என்றும் மற்றவரது குறையை நேர்மை என்றும் பெயரிட்டழைக்கலாம். ஆயின், அவ்விருவரது குறைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய விடுதிகளில் இறந்த தாய்மாருக்கு அப்பெயர்களால் ஆவதொன்றில்லை. உண்மையைக் கண்டவனுக்கு அதனைக் கண்டதோடு கடமை முடிந்துவிடுகின்றதா? பிறர் உயிர் அதனைச் சார்ந்திருக்கும்போது, அதனைப் பிறர் ஏற்கும் வகையிற் சொல்லக் கற்பதும் கடமையின் பகுதியன்றோ? ஆம் எனின், தலைமைப் பயிற்சி பதவிக்கான அணிகலனன்று. அறக்கடமையின் ஓர் உறுப்பாகும். இத்துடன் கிளைனின் பங்கே பெரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாழ்ந்த இடத்திலிருப்பவன் இனிமையாகப் பேசக் கற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதற்கு முன்னர், உயர்ந்த இடத்திலிருப்பவன் கேட்கக் கற்றிருத்தல் வேண்டும்.

கேட்கும் தலைமை, கேளாத் தலைமை என்ற இவ்வேறுபாட்டை 1966 இல் வெளியான ஒரு பரிசோதனை தாதியரிடத்தே அளந்துகாட்டிற்று. ஹொவ்லிங் என்னும் உளமருத்துவரும் அவரது குழுவினரும் ஐக்கிய அமெரிக்க வைத்தியசாலைகளில் இதனை நடத்தினர். முன்பின் அறியாத ஒரு மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்குமாறு தாதிக்குக் கட்டளையிடுவார். மருந்துப் பெட்டியிலோ ஒருநாளைக்குரிய உச்ச அளவு 10 மில்லிகிராம் எனத் தெளிவாக எழுதியிருக்கும். தொலைபேசிக் கட்டளையின்பேரில் மருந்து வழங்குவதும் விதிக்கு மாறானது. 22 தாதியருள் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டனர். மருந்து தீங்கற்றது, அவர்களும் வழியிலேயே தடுக்கப்பட்டனர். இங்கே குறைந்தது தாதியரின் அறிவன்று. பெட்டியின் எழுத்தை வாசிக்க அவர்களுக்குத் தெரியும்.

1977 இல் ராங்க், ஜேக்கப்சன் என்னும் இருவர் இப்பரிசோதனையைச் சில மாற்றங்களுடன் மீண்டும் செய்தனர். இம்முறை மருந்து தாதியருக்கு நன்கு பழக்கமானது. கட்டளையிட்டவரின் பெயரும் அவர்கள் அறிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சக தாதியருடன் கலந்து பேச அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. 18 பேருள் இருவரே கட்டளைக்கு இணங்க முற்பட்டனர். பத்தாண்டுகளில் மனித இயல்பு மாறிவிடவில்லை. தன்னந்தனியே, அறியாத பொருளோடு, அதிகாரத்தின் குரலை மட்டும் கேட்டு நின்றவர் பணிந்தார். அறிந்த பொருளோடு, அருகில் ஒரு தோழி இருக்க நின்றவர் வினவினார். துணிவு என்பது தனியொருவரின் நெஞ்சில் மட்டும் உறைவதன்று, அதற்கு இடமளிக்கும் சூழல் ஒன்று வேண்டும் என்பதற்கு இவ்விரு எண்களும் சான்று. அச்சூழலை உண்டாக்குபவர் யார்? விடுதிக்குப் பொறுப்பானவர், மாணவர் பார்த்திருக்கத் தாதியிடம் எவ்வாறு பேசுகின்றார் என்பதன் மூலம் நாள்தோறும் பாடம் நடத்துபவர். மருத்துவ மாணவன் விரிவுரை மண்டபத்திற் கற்பதைவிட இக்காட்சியிலிருந்து கற்பது அதிகம். பரீட்சையில் அது கேட்கப்படாமையால் மறக்கப்படுவதுமில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகர வைத்தியசாலையிற் குழந்தைகளின் இருதய சத்திரசிகிச்சை பற்றி விசாரித்த கென்னடி அறிக்கை 2001 இல் வெளியாயிற்று. 1991 முதல் 1995 வரையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் முப்பது முதல் முப்பத்தைந்து பேர் வரை எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு மேலாக அங்கு இறந்தனர் என அது கூறிற்று. அங்கும் ஐயத்தை எழுப்பியவர் ஒருவர் இருந்தார். மயக்கமருந்து நிபுணரான அவர் ஈற்றில் நாட்டையே விட்டு வெளியேறினார். வியன்னாவுக்கும் பிரிஸ்ரலுக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள். கிருமிகளைப் பற்றி அறிந்துகொண்ட அளவுக்கு அதிகாரத்தைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்துகொள்ளவில்லை போலும்.

இனித் தமிழுலகிற்கு நெருங்கிய ஒரு வாழ்க்கையை நோக்கலாம். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 முதல் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பிக்கலானார். மானிப்பாயே அவரது பணிக்களமாயிற்று. தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் 1860களிற் தமிழுக்கு மாறினார். மாறியதோடு அமையாது, தம் மாணாக்கரின் துணையுடன் நூல்களையும் ஆக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய பெயர்கள் இன்றும் நூலகங்களில் நிலைத்திருக்கின்றன. 1873 இல் அவர் நாடு திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்புப் பணியை 1884 இல் இறக்கும்வரை விடவில்லை.

கிறீனைத் தமிழுக்குத் தொண்டு செய்தவராகவே பெரும்பாலும் போற்றுவர். தலைமை என்னும் நோக்கிற் பார்க்குமிடத்து, அவரது செயலின் மற்றோர் இயல்பு தென்படும். ஆங்கிலத்திற் கற்பிக்கும்வரை அறிவின் ஊற்று அவரிடமே இருந்தது. ஐயம் தோன்றின் அவரிடமோ அவர் நாட்டு நூல்களிடமோதான் செல்ல வேண்டும். சொற்களைத் தமிழில் ஆக்கி, அவ்வாக்கத்தில் மாணாக்கரையே பங்காளிகளாக்கிய கணத்தில், தாம் இல்லாமலும் நடக்கக்கூடிய ஒன்றை அவர் உண்டாக்கலானார். தன் இன்றியமையாமையைத் தானே குறைத்துக்கொள்ளும் அதிகாரம் உலகில் அரிது. பவணந்தியாரின் பனையைச் சுற்றியிருந்த மடல்களை அப்பனையே கழித்துக்கொண்டதற்கு இதனை ஒப்பிடலாம்.

ஆயினும் இப்போற்றுதலோடு நின்றுவிட முடியாது. அரசசேவையின் மொழி ஆங்கிலமாயிருந்த காலம் அது. 1870 இற் கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது அங்கும் ஆங்கிலமே ஆட்சி செலுத்திற்று. தமிழிற் கற்ற வைத்தியன் தன் கிராமத்துக்குப் பயன்பட்டான் என்பது உண்மை. தொலைவிலுள்ள அரச உத்தியோகத்துக்கான கதவு அவனுக்குக் குறுகிற்று என்பதும் உண்மை. கிராமத்தின் நன்மைக்கென எடுக்கப்பட்ட முடிவின் செலவை மாணாக்கனே ஏற்றான். ஆங்கிலம் கற்ற வைத்தியர் ஊரைவிட்டு நீங்குவதைத் தடுக்க அவனது வாய்ப்பைக் குறைத்தல் நீதியா? பிறர் நன்மையை எண்ணி ஒரு தலைவன், தன்னைச் சார்ந்தோரின் எதிர்காலத்தை அவர்களது இசைவின்றித் தீர்மானிக்கலாமா? மருத்துவரின் வெளியேற்றத்தால் வாடும் எந்த நாட்டு மருத்துவ பீடத்துக்கும் இவ்வினா பழையதன்று. கிறீன் மேற்கொண்ட முடிவு சரியானதென்றே கொள்ளலாம்; ஆயின் அது செலவில்லாத முடிவு என்று கொள்ளுதல் மாணாக்கருக்கு இழைக்கும் அநீதியாகும். அச்செலவை வெளிப்படையாகச் சொல்லி, கேட்டு, முடிவெடுப்பதே தலைமைக்கும் தயவுக்குமுள்ள வேறுபாடு.

1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் அமைந்தது. அப்பீடத்தின் வரலாற்றை எழுதுவோர் எவரும் உடற்கூற்றியல் துறைத்தலைவராயிருந்த ராஜினி திராணகமவைக் கடந்து செல்ல இயலாது. இங்கிலாந்தில் உயர்கல்வியை முடித்து, அங்கேயே தங்கியிருக்கக்கூடியவர் 1986 இல் மீண்டுவந்து, ஆசிரியர் அருகிய ஒரு துறையிற் கற்பித்தார். 1987 ஒக்ரோபர்ப் போரின் பின்னர் பல்கலைக்கழகத்தை மீண்டும் இயங்கவைக்க முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். எல்லாத் தரப்பினரதும் வன்செயல்களைப் பதிவுசெய்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவர். 1989 செப்ரெம்பர் 21 ஆந் திகதி, பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

எந்தப் பயிற்சித் திட்டம் இத்தகையவரை உருவாக்கும் என்று கேட்பது எளிது. எதுவும் உருவாக்காது என்று கூறித் தலைமைப் பயிற்சி முழுவதையும் தள்ளிவிடுவதும் எளிது. இரண்டும் பிழை. உயிரைக் கொடுக்கும் துணிவைப் பாடவிதானத்தில் எழுதவும் கூடாது, ஆசிரியரிடம் அதனை எதிர்பார்க்கவும் கூடாது. உண்மை பேசுவதற்குத் தியாகியர் தேவைப்படும் ஒரு நிறுவனம், தன் ஆசிரியரின் பெருமையைவிடத் தன் சிறுமையையே பறைசாற்றுகின்றது. ராஜினியின் வாழ்விலிருந்து ஒரு பயிற்சித் திட்டம் கற்கத்தக்கது, அவரது இறுதி நாளைக் காட்டிலும் அதற்கு முந்திய நாட்களே: தகுதியானவர்கள் நீங்கிக்கொண்டிருந்த இடத்துக்குத் திரும்பி வந்தமை; துறைத்தலைமையை அறைக்குட் பூட்டிவைக்காமை; மாணவர் அஞ்சிய காலத்திலும் வகுப்பு நடந்தமை. இவை அன்றாடச் செயல்கள். அன்றாடச் செயல்களைப் பயிலலாம், பயிற்றலாம்.

பயிற்றியதன் பயனை எவ்வாறு அறிவது என்பதே எஞ்சும் இடர்ப்பாடு. மருத்துவக் கல்வியாளரின் தலைமைப் பயிற்சிகள் பற்றி வெளியான 41 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, இவொன் ஸ்ரெயினேர்ட்டும் அவரது குழுவினரும் 2012 இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். பங்குபற்றியோர் மனநிறைவடைந்தனர், தம் மனப்பாங்கும் அறிவும் நடத்தையும் மேம்பட்டதாகக் கூறினர், நிறுவனங்கள் மாறியமைக்கான சான்றோ சிறிதே கிடைத்தது. சான்றுகளுட் பெரும்பாலானவை பங்குபற்றியோர் தம்மைப் பற்றித் தாமே கூறியவை. இதன் வலுவின்மையை உணர மீண்டும் ஹொவ்லிங்கின் பரிசோதனைக்கே செல்ல வேண்டும். அவரது குழுவினர் வேறு 12 தாதியரிடமும் 21 தாதி மாணவியரிடமும் அந்நிலைமையை விவரித்து, நீர் என்ன செய்வீர் என வினவினர். தாதியருட் பத்துப்பேரும், மாணவியர் அனைவரும் மருந்தைக் கொடுக்கமாட்டோம் என்றே விடையளித்தனர். அவர்கள் பொய் கூறவில்லை. தம்மைப் பற்றி அவ்வாறே நம்பினர். அதிகாரத்தின் முன் தாம் எவ்வாறு நடப்போம் என்பதையே மனிதர் சரியாக அறியார் எனின், அதிகாரம் தம் கையில் இருக்கும்போது எவ்வாறு நடக்கின்றோம் என்பதை அறிவர் என்று எவ்வாறு நம்புவது?

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் ஈற்றிலே நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் ஆகிய நான்கையும் மருத்துவத்தின் உறுப்புக்களாக ஒருசேரக் கூறினார். அந்நால்வகையுள் வைத்தியனை மட்டும் கேட்டு எழுதப்படும் மதிப்பீடு காற்பங்கு மதிப்பீடே. தலைமைப் பயிற்சி பெற்று மீண்ட ஒரு விரிவுரையாளரின் விடுதிக்கு ஓராண்டு கழிந்தபின் சென்று, இரவுக் கடமையிலிருக்கும் இளந்தாதியிடமும் மூன்றாம் ஆண்டு மாணவனிடமும் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். அவருடைய கட்டளை ஒன்றை நீர் கடைசியாக மறுத்தது எப்போது? மறுத்தபின் உமக்கு என்ன நேர்ந்தது?